கம்பியின் இரு முனை

ஸ்கேனர் உண்மையாகவே கெட்டுப்போய்க் குப்பைக்குப் போவது அபூர்வம். விளக்கு மங்கும், பெல்ட் தளரும், கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோல ஒரு படலம் படியும். துடைத்தும் மாற்றியும் சரிசெய்துவிடக்கூடிய குறைகள்தான் எல்லாம். பழைய மின்சாமான் கடைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவற்றில் பலவற்றுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் விளக்கு எரிகிறது, தலை நகர்கிறது, தொடக்க இடத்தைத் தேடிச் சென்று நிற்கிறது. கட்டளைக்குக் காத்திருக்கிறது. அந்தக் கட்டளையைச் சொல்லத் தெரிந்த கணினிதான் இல்லை. தயாரித்தவர்கள் அடுத்த விண்டோஸுக்கு டிரைவர் எழுதாமல் விட்டிருப்பார்கள். அல்லது அது செருகும் துளையே புதிய கணினிகளில் இருக்காது. லென்ஸும் சென்சாரும் நன்றாக இருக்கும்போதே ஒரு கருவி செத்துப்போவது இப்படித்தான். இப்படிச் செத்தவை திரும்ப எழுந்து உட்காரும் இடங்களில் முக்கியமானது லினக்ஸ். அது எப்படி நடக்கிறது, யாரால் நடக்கிறது என்பதைப் பற்றி எழுத வேண்டுமென்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

எனக்கு இந்த அக்கறை வந்தது சிறுபத்திரிகைகளால். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ முதல், எழுபதுகளில் ஊருக்கு ஊர் வந்து நின்ற ஏடுகள்வரை, அவை அச்சானவை மலிவான தாளில். அந்தத் தாளில் அமிலம் உண்டு. விளிம்பிலிருந்து பழுத்துக்கொண்டே உள்ளே வரும். மடித்த இடத்தில் முறியும். பின்னடித்த இடத்தில் துரு ஊறி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். அச்சடித்ததே சில நூறு பிரதிகள். சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஈழத்து எழுத்துகளுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டமும் செய்திருப்பவை பெரும்பணிகள். ஆனாலும் தனி வீடுகளில், பரண்களில், ஆசிரியராக இருந்தவரின் மகள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருப்பவை எத்தனையோ. கூட்டங்களிலும் இலக்கியச் சந்திப்புகளிலும் எடுத்த புகைப்படங்களின் நெகடிவ் சுருள்களும் அவற்றோடு கிடக்கின்றன. அவற்றை எடுத்துவைக்கும் வேலையைப் பெரும்பாலும் தனியாட்கள்தான் செய்தாக வேண்டும். அவர்கள் கையில் இருப்பது, வாங்க முடிவது, பழைய ஸ்கேனர்.

கைபேசியில் படமெடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. படிப்பதற்குப் போதும். ஆனால் ஒரு பக்கத்தை ஓர் ஆவணமாக வைக்க வேண்டுமென்றால் அளவு மாறாமல், மூலைகள் வளையாமல், வெளிச்சம் ஒரே சீராக விழுந்து, எழுத்தின் விளிம்பு தெரியும்படி இருக்க வேண்டும். ஈய எழுத்து தாளில் அழுந்தியிருப்பதும், பின்பக்கத்து மை முன்பக்கம் தெரிவதும் அந்த ஏட்டின் வரலாற்றைச் சேர்ந்தவையே. ஆனால் அந்த மை படிக்கத் தடையாகும் அளவுக்குத் தெரிந்தால், அது குறைய, தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும். இந்தச் சின்ன உத்தி ஒன்றே பக்கத்தின் தெளிவை வெகுவாகக் கூட்டிவிடும்.

இனி வேகத்தின் கணக்கு. ஏ4 அளவுள்ள பக்கத்தை 600 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்தால் ஏறக்குறைய 3.5 கோடி புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 100 மெகாபைட்டைத் தாண்டுகிறது. 1998இல் வந்த யுஎஸ்பி 1.1இன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு ஒரு மெகாபைட் கிடைத்தாலே நல்லது. ஒரு பக்கம் கம்பியைக் கடக்கவே ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகும். நெகடிவ் என்றால் இன்னும் கூடுதல். நிக்கான் 2001இல் கொண்டுவந்த கூல்ஸ்கேன் 4000 ஈடி என்ற பிலிம் ஸ்கேனர் 35 மில்லிமீட்டர் பிலிமை 4000 டிபிஐயில் படிக்கும். ஒரு சட்டத்துக்கு 2 கோடிக்கு மேல் புள்ளிகள். நிறத்துக்கு இரண்டு பைட் என்று வைத்தால் 125 மெகாபைட்டைத் தாண்டும். தூசியையும் கீறலையும் கண்டுபிடிக்க அகச்சிவப்பிலும் ஒருமுறை படித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் சேரும்.

காத்திருப்பதில் தவறில்லை, பொறுமையாக எடுக்கலாமே என்று தோன்றும். மெதுவான கம்பி நேரத்தை மட்டும் தின்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஸ்கேனருக்குள் இருக்கும் நினைவகம் சிறியது. சென்சார் வரிவரியாகப் படித்து அதில் நிரப்ப, கம்பி அதிலிருந்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்பி பின்தங்கினால் நினைவகம் நிரம்பிவிடும். அந்த இடத்தில் தலை நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி ஓட்டமெடுத்து விட்ட வரியிலிருந்து தொடர வேண்டும். இயந்திரப் பற்கள் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், விட்ட அதே புள்ளியில் மறுபடி வந்து பொருந்துவது கடினம். மிக மெல்லிய ஒரு படி, ஒரு கோடு, படத்தின் குறுக்கே விழும். எழுத்துப் பக்கத்தில் தெரியாது. பிளாக் வைத்து அச்சடித்த புகைப்படத்தில், புள்ளிகள் வரிசை பிசகியிருப்பதில் தெரியும். நெகடிவில் வானம் இருந்தால் வானத்தில் தெரியும். ஆகவே வேகமான இணைப்பு என்பது வசதியோடு முடிகிற விஷயமில்லை. தலை நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடுவது படத்தின் உண்மையைச் சேர்ந்தது.

இந்தத் தேவை ஸ்கேனர் செய்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. அதனால்தான் தொண்ணூறுகளின் நல்ல ஸ்கேனர்கள் வட்டுகளுக்கென்று உருவான ஸ்கஸி இணைப்பில் வந்தன. தடித்த கேபிள், கடைசி முனையில் டெர்மினேட்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண், கணினிக்கு முன்பே ஸ்கேனரை இயக்கிவிட வேண்டும் என்ற நியதி. பிறகு வந்தது ஃபயர்வயர். ஆப்பிள் முன்னின்று வளர்த்தது; 1995இல் ஐஇஇஇ 1394 என்ற பெயரில் தரமாக்கப்பட்டது. வேகம் நொடிக்கு 400 மெகாபிட். யுஎஸ்பி 12இல் நின்றிருந்த காலத்தில் இது பெரும் பாய்ச்சல். கூல்ஸ்கேன் 4000 வந்தது இந்த இணைப்போடுதான்.

ஃபயர்வயரின் உள்ளமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அதைப் போன்ற ஏற்பாடு இப்போது வழக்கில் குறைந்துவிட்டது. யுஎஸ்பியில் கணினிதான் எஜமான். சாதனம் தானாக வாய் திறக்காது. ‘ஏதாவது இருக்கிறதா’ என்று கணினி கேட்டுக்கொண்டே இருக்கும், கேட்டபோது மட்டும் பதில். ஃபயர்வயரில் எல்லாரும் சமம். ஒரு கேபிளைச் செருகினாலோ பிடுங்கினாலோ கம்பியில் உள்ள அத்தனை சாதனங்களும் ஒரு கணம் எல்லாவற்றையும் நிறுத்தி, தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டு, தங்களுக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்தெடுத்து, புதிய எண்களை எடுத்துக்கொள்கின்றன. அந்த அமைதியின்மை முடிந்ததும் விட்ட வேலைக்குத் திரும்புகின்றன.

ஸ்கேனர் இதில் பேசும் முறைக்கு எஸ்பிபி-2 என்று பெயர். பழைய ஸ்கஸி கட்டளைகளைப் புதிய கம்பியில் சுமந்து செல்லும் வழி அது. கணினி முதலில் ஸ்கேனரிடம் உள்நுழைகிறது. பிறகு தன் நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியைக் கொடுக்கிறது: கட்டளை இங்கே இருக்கிறது, படத்தை அங்கே எழுது. கட்டளையை எடுத்துப் போக ஸ்கேனரே வருகிறது. படித்த வரிகளையும் அதுவே நேராகக் கணினியின் நினைவகத்தில் எழுதிவிட்டுப் போகிறது. செயலி ஒவ்வொரு பைட்டாகத் தூக்கிவைக்க வேண்டியதில்லை. வேகத்தின் பெரும்பகுதி இந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. ஆபத்தும் அங்கிருந்துதான் வந்தது. கம்பியில் செருகிய எந்தச் சாதனமும் கணினியின் நினைவகத்தைப் படித்துவிடலாம் என்று பிற்பாடு தெரிந்தபோது கதவைக் கொஞ்சம் சாத்த வேண்டியதாயிற்று. இருந்தாலும், வேலை செய்பவரிடம் வேலையை ஒப்படைத்துவிடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு அடிக்கும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாட்டைவிட இதில் மரியாதை அதிகம்.

லினக்ஸில் இந்த ஏற்பாடு எப்படி உட்கார்ந்தது என்பது தனிக்கதை. 2.4 கெர்னல் காலத்தில் மூன்று மாட்யூல்களை ஏற்ற வேண்டும்: கம்பிக்கு ஒன்று, சிப்புக்கு ஒன்று, எஸ்பிபி-2க்கு ஒன்று. ஏற்றியபின்னும் ஸ்கேனர் கண்ணில் படாமல் போகலாம். ‘இந்த எண்ணில் ஒரு சாதனம் இருக்கிறது, சேர்த்துக்கொள்’ என்று கெர்னலுக்குக் கையால் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும், அல்லது பஸ்ஸை மறுபடி துழாவும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். எல்லாம் கூடிவந்தால் ஃபயர்வயர் ஸ்கேனர் ஒரு ஸ்கஸி சாதனமாகத் தோன்றும். சில ஸ்கேனர்கள் தம்மை ஸ்கேனர் என்றே சொல்லிக்கொள்ளாமல் ‘செயலி’ என்ற வகையில் பதிந்துகொள்ளும். தெரியாதவர்கள் பட்டியலில் அதைப் பார்த்தும் கடந்துபோவார்கள். அடுத்து அனுமதி. ரூட் கணக்கில் வேலை செய்யும் ஸ்கேனர் சாதாரணப் பயனருக்கு இல்லவே இல்லை என்று சொல்லும். சாதனக் கோப்பை ஸ்கேனர் குழுவுக்கு உரிமையாக்கினால்தான் எல்லாருக்கும் தெரியும். இன்றைய விநியோகங்களில் இந்தப் படிகளில் பல தாமாகவே நடந்துவிடுகின்றன. தாமாக என்று நாம் சொல்வது யாரோ ஒருவர் முன்பே உட்கார்ந்து செய்துவைத்ததைத்தான்.

அந்த ‘யாரோ’க்களுக்குப் பெயர் உண்டு. கிறிஸ்டியான் ஹோக்ஸ்பெர்க் ஃபயர்வயர் அடுக்கை அடியிலிருந்து புதிதாக எழுதினார்; 2007இல் 2.6.22 கெர்னலில் அது சேர்ந்தது. ஸ்டெஃபான் ரிக்டர் ஆண்டுக்கணக்கில் அதைப் பராமரித்தார். பழைய அடுக்கிலிருந்து மக்களைப் புதியதற்கு நகர்த்தி, பழையது நீக்கப்படும்வரை கூடவே இருந்தார். 2023இல் தகாஷி சகமோடோ பொறுப்பேற்றார். சந்தையில் புதிதாக ஃபயர்வயர் சாதனம் எதுவும் வராத காலம் அது. 2029 வரை தான் பார்த்துக்கொள்வதாகவும், அதற்குள் பயனர்கள் வேறு வழிகளுக்கு மாறிக்கொள்ள உதவுவதாகவும் அவர் எழுதிவைத்தார். ஃபயர்வயரைப் பிறப்பித்த ஆப்பிளோ 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26இல் அதைக் கைவிட்டது. வளர்த்த பெரிய நிறுவனம் விட்டுப்போன பிறகும், ஒருவர் தன் பெயரைப் போட்டு ஒரு முடிவாண்டையும் சொல்லிப் பொறுப்பை வைத்திருக்கிறார். ஒரு கருவிக்கு இதைவிட நேர்மையான வாக்குறுதி கிடைக்குமா என்று தெரியவில்லை. என்றென்றும் என்று சொல்பவர்களைவிட, இந்த ஆண்டுவரை என்று சொல்பவரை நம்பி ஓர் ஆவண வேலையைத் திட்டமிடலாம்.

கெர்னல் கம்பியைப் பார்த்துக்கொள்ளும். படத்தைக் கேட்டு வாங்குவது சேன். டேவிட் மோஸ்பெர்கரும் ஆண்ட்ரியாஸ் பெக்கும் 1996இல் தொடங்கியது. அப்போது விண்டோஸிலும் மேக்கிலும் ஆண்டுகொண்டிருந்தது 1992இல் வந்த டுவெய்ன். அதில் ஸ்கேனரை இயக்கும் பகுதியும் திரையில் தோன்றும் சாளரமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டையும் தயாரிப்பு நிறுவனமே கொடுக்கும். சேன் இரண்டையும் பிரித்தது. பின்னால் இருப்பது ஒரு குறிப்பிட்ட ஸ்கேனரின் மொழியை அறிந்த பகுதி. முன்னால் இருப்பது மனிதருக்கு முகம் காட்டும் பகுதி. நடுவில் ஒரு டஜன் அளவு செயற்கூறுகளே உள்ள சின்ன ஒப்பந்தம். பின்பகுதி தன் விருப்பங்களைத் தானே விவரிக்கும்: எனக்கு இத்தனை டிபிஐ முடியும், இந்த எல்லைக்குள் வெளிச்சம் மாற்றலாம், அகச்சிவப்பு உண்டு அல்லது இல்லை. முன்பகுதி அதைக் கேட்டுத் திரையில் பொத்தான்களை வரைந்துகொள்ளும். ஸ்கேனர் எந்த இணைப்பில் இருக்கிறது என்பது முன்பகுதிக்குத் தெரியவே தேவையில்லை. ஸ்கஸியாக இருக்கலாம், ஃபயர்வயராக இருக்கலாம், அடுத்த அறையில் வேறொரு கணினியில் செருகியிருக்கலாம். சேன்டி என்ற சேவை 6566ஆம் போர்ட்டில் காத்திருந்து வலைப்பின்னல் வழியாக அதைக் கொடுக்கும்.

கடைசியில் சொன்னது எங்களுடையதைப் போன்ற சிறு வேலைக்குப் பெரிய உதவி. ஃபயர்வயர் அட்டை செருகக்கூடிய ஒரு பழைய மேசைக் கணினியை ஸ்கேனரோடு ஒரு மூலையில் வைத்துவிட்டு, எல்லாரும் தத்தம் மடிக்கணினியிலிருந்து ஸ்கேன் செய்யலாம். கிகாபிட் ஈதர்நெட் கேபிள் போதுமான வேகம் தரும். வைஃபையில் 125 மெகாபைட் சட்டங்களை இழுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அலைவரிசை தடுமாறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் ஸ்கேனரின் தலை நின்று நின்று போகும், அதன் விளைவை மேலே சொல்லிவிட்டேன்.

கூல்ஸ்கேன் 4000க்கான சேன் பின்பகுதியை ஆந்த்ராஷ் மயோர் எழுதினார். தன் கையிலிருக்கும் ஒரு ஸ்கேனருக்காக ஒருவர் உட்கார்ந்து எழுதுவார். உலகில் அதே ஸ்கேனர் வைத்திருக்கும் எல்லாருக்கும் அது கிடைத்துவிடும். சேனின் பெரும்பகுதி இப்படி வளர்ந்ததுதான்.

இனி யுஎஸ்பி. 2000இல் யுஎஸ்பி 2.0 வேகத்தை 480 மெகாபிட்டாக உயர்த்தியது, மெல்ல ஃபயர்வயரின் தேவை குறைந்தது. 2008இல் யுஎஸ்பி 3.0 வந்து 5 கிகாபிட் என்றது. அதற்கான எக்ஸ்எச்சிஐ டிரைவரைச் சாரா ஷார்ப் எழுத, 2009இல் 2.6.31 கெர்னலில் சேர்ந்தது, யுஎஸ்பி 3.0 ஆதரவோடு வந்த முதல் இயங்குதளம் லினக்ஸ். எல்லாமே முன்னோக்கிப் போனதாகத்தான் தோன்றும். ஆனால் பழைய யுஎஸ்பி 2.0 ஸ்கேனர்களை நீலநிறப் புதிய துளையில் செருகியவர்களுக்கு ஒரு விசித்திரம் காத்திருந்தது. முதல் முறை ஸ்கேன் ஆகும். இரண்டாம் முறை ஸ்கேனர் அசையாது. மறுபடி முயன்றால் ஆகும். அடுத்து ஆகாது. என் மேசையிலிருந்த தட்டை ஸ்கேனரிலும் இதைக் கண்டேன். கேபிளை மாற்றினாலும் மாற்றமில்லை. அதே ஸ்கேனரைப் பழைய கறுப்புத் துளையில் செருகினால் ஒரு குறையும் இல்லை. வேகம் குறைந்த துளையில் வேலை செய்கிறது, வேகமானதில் செய்யவில்லை.

இதன் காரணம் எனக்குப் புரிந்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. 1969இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பார்ட்லெட், ஸ்கேண்டில்பரி, வில்கின்சன் என்ற மூவர் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார்கள். நம்பகமில்லாத கம்பியில் செய்திகளை அனுப்பும்போது, ஒவ்வொன்றின்மீதும் ஒரே ஒரு பிட் அடையாளம் வைத்தால் போதும்: 0, 1, 0, 1 என்று மாறிமாறி. பெறுபவர் ‘வந்தது’ என்று பதில் சொல்வார். அந்தப் பதில் வழியில் தொலைந்தால் அனுப்பியவர் அதே செய்தியை அதே அடையாளத்தோடு மறுபடி அனுப்புவார். பெறுபவருக்கு 1 வர வேண்டிய இடத்தில் மறுபடி 0 வந்தால், ‘இது நான் ஏற்கெனவே வாங்கியது, என் பதில்தான் போய்ச் சேரவில்லை’ என்று புரிந்துகொண்டு, ‘வந்தது’ என்று மறுபடி சொல்லிவிட்டு, வந்ததைத் தூர எறிவார். இரட்டிப்பும் இல்லை, இழப்பும் இல்லை. யுஎஸ்பி இதே ஏற்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டது.

இரு முனைகளும் ஒரே கணக்கை வைத்திருக்கும்வரை இது குற்றமற்ற முறை. களத்தில் நெல் அளப்பவரும் கோடு கிழித்துக் கணக்கு வைப்பவரும் ஓர் எண்ணில் பிசகினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆயிற்று. ஸ்கேன் மென்பொருள் வேலை முடித்து மூடும்போது, தகவல் போய்வந்த தடத்தைத் தெளிவாக்கு என்று ஒரு வேண்டுகோள் அனுப்பும் வழக்கம் உண்டு. ஸ்கேனர் அதைக் கேட்டுத் தன் அடையாளத்தை 0க்குத் திருப்பிக்கொள்ளும். பழைய கண்ட்ரோலர்களில் கணினிப் பக்கத்து அடையாளத்தையும் கெர்னலே நேரடியாகத் திருப்பி எழுதிவிடும். எக்ஸ்எச்சிஐயில் அந்த அடையாளத்தைச் சிப் தன்னிடமே வைத்திருக்கிறது. உரிய கட்டளை வந்தால்தான் மாற்றும். தடம் உண்மையில் அடைபட்டிருக்கவில்லை என்றால் அப்போதைய கெர்னல்களில் அந்தக் கட்டளை போகவில்லை. ஸ்கேனர் 0இல் நிற்க, கணினி 1இல் நிற்க, அடுத்த முறை மென்பொருள் தொடங்கும்போது போகும் முதல் கட்டளையை ஸ்கேனர் பழைய செய்தி என்று எண்ணி, ‘வந்தது’ என்று பணிவோடு சொல்லிவிட்டு எறிந்துவிட்டது.

இங்கே யாரும் தவறு செய்யவில்லை. கணினி அனுப்பியது, பதில் கிடைத்தது. ஸ்கேனர் தரநிலை சொன்னபடியே நடந்தது. பிழை என்று எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட விழாது. ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், மற்றவர் கட்டளைக்குக் காத்திருக்கிறார். எறிந்த அந்த ஒரு செய்தியால் இருவர் கணக்கும் மறுபடி நேராகிவிடுவதால் அடுத்த முயற்சி வெற்றி பெறும். ஒருமுறை விட்டு ஒருமுறை என்ற அந்த விசித்திரம் இப்படி வந்தது. இழப்பைத் தடுக்கவென்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வகுத்த நெறி, இரு முனைகளும் தனித்தனியாக நினைவு வைத்துக்கொண்டபோது, ஓசையில்லாமல் இழப்பை உண்டாக்கும் நெறியாகிறது. வேகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கம்பியின் அகலத்தை மட்டும் பேசுகிறோம். ஒரு பழைய கருவி புதிய கணினியோடு ஒத்துப்போகாதபோது பெரும்பாலும் குறைவது இந்த இரு முனைகளின் ஒருமித்த நினைவுதான்.

இதற்குச் சேன் கண்ட தீர்வு மிகச் சிறியது. மூடுவதற்கு முன், இடைமுகத்தை அது ஏற்கெனவே இருக்கும் நிலைக்கே மறுபடி அமைக்கச் சொல்லும் ஓர் அழைப்பு. செயலளவில் அது எதையும் மாற்றக்கூடாத அழைப்பு. ஆனால் அதன் பக்கவிளைவாக இரு பக்கத்து அடையாளங்களும் 0க்கு வந்துவிடுகின்றன. நிரலில் அந்த இடத்தில், இது உண்மையில் ஒன்றும் செய்யாத அழைப்பாக இருக்க வேண்டும், ஆனாலும் எக்ஸ்எச்சிஐ டிரைவருக்கு இது தேவைப்படுவதாகத் தெரிகிறது என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருக்கிறது. அந்தக் குறிப்பை எழுதியவரின் நேர்மை என்னைக் கவர்ந்தது. தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தது என்றும், படுகிறதைப் படுகிறது என்றும் அவர் பிரித்து எழுதியிருக்கிறார். வேறு சில ஸ்கேனர்களுக்கு இதே அழைப்பு ஆகாது என்று தெரிந்தபின், தேவைப்படுபவர் மட்டும் இயக்கிக்கொள்ளும்படி அதைச் சேன்_யுஎஸ்பி_ஒர்க்கரவுண்ட் (SANE_USB_WORKAROUND) என்ற சூழல் மாறியின் பின்னால் வைத்தார்கள். அதன் மதிப்பை 1 என்று வைத்தால் பல ஸ்கேனர்கள் நீலத் துளையிலும் உயிர்பெறுகின்றன. சேனின் கையேட்டிலேயே இது இருக்கிறது. கடையில் புது ஸ்கேனர் வாங்கச் சொல்வதற்கு முன் யாராவது இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும் கருவிகள் எத்தனையோ.

எல்லாக் கதவும் இப்படித் திறப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில நிறுவனங்கள் லினக்ஸுக்கு டிரைவர் கொடுத்தன; ஆனால் முக்கியமான பகுதியை மூடிய இருமக் கோப்பாக, இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டும் கொடுத்தன. ராஸ்ப்பெரி பை போன்ற சிறு கணினியில் அந்த ஸ்கேனர் நேரடியாக ஓடாது. கோப்பை மறுபடி தொகுக்க மூலநிரல் இல்லை. கொடுத்த நிறுவனம் அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் இருப்பதும் போயிற்று. பிரதியெடுக்க முடியாதபடி ஒரே ஒரு கட்டு மட்டும் இருக்கும் ஏட்டுக்கும் இதற்கும் நிலைமை ஒன்றுதான். சேனுக்குள் மூலநிரலாக இருப்பதை மட்டுமே நீண்டகால வேலைக்கு நம்ப வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. இப்போது வரும் வலைப்பின்னல் ஸ்கேனர்களுக்கு இஎஸ்சிஎல் என்ற பொது மொழி இருக்கிறது; அலெக்சாண்டர் பெவ்ஸ்னர் எழுதிய சேன்-ஏர்ஸ்கேன் அதைப் பேசும், தனி டிரைவர் வேண்டாம். நல்ல மாற்றம். ஆனால் பிலிம் ஸ்கேனர்களுக்கு அதில் இடமில்லை. நெகடிவ்களுக்கு நமக்கு இருக்கும் வழி இன்னும் பழைய கருவிகள்தான்.

சேன் திட்டம் தனக்குத் தெரிந்த ஸ்கேனர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கு எதிரிலும் ஒரு நிலை எழுதியிருக்கும்: முழுமை, நன்று, அடிப்படை, குறைந்தபட்சம், ஆதரவில்லை. இவற்றோடு, சோதிக்கப்படவில்லை என்றும் ஒன்று. அப்படிக் குறித்த மாடல்கள் பல, வேலை செய்யக்கூடியவையாக இருக்கலாம். அந்தக் கருவி கையிலிருக்கும் ஒருவர் செருகிப் பார்த்துச் சொல்லாததால் அப்படியே நிற்கின்றன. தமிழகத்திலும் இலங்கையிலும் ஸ்டூடியோக்கள் மூடியபோது விலைபோகாமல் நின்ற பிலிம் ஸ்கேனர்களும், அச்சகங்களின் ஏ3 தட்டை ஸ்கேனர்களும் இருக்கின்றன. வைத்திருப்பவர்கள் ஒரு லினக்ஸ் யுஎஸ்பியில் கணினியை எழுப்பிச் செருகிப் பாருங்கள். ஃபயர்வயர் என்றால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையைத் தேடுங்கள். வேலை செய்தால் மாடல் எண்ணையும், கெர்னல் பதிப்பையும், எந்தத் துளையில் செருகினீர்கள் என்பதையும் சேன் பராமரிப்பாளர்களுக்கு எழுதுங்கள், செய்யாவிட்டாலும் எழுதுங்கள். ஃபயர்வயர் வைத்திருப்பவர்கள் 2029க்குக் காத்திருக்காமல் நெகடிவ்களிலிருந்து தொடங்குவது நல்லது. தாள் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கும். வினிகர் வாடை வரத் தொடங்கிய பிலிம் அதுவரை பொறுக்காது.